முக்கால் மணி நேரம் சண்டை போடாத நாயகன்

புரூஸ் லீ நடித்து 1971இல் வெளிவந்த 'தி பிக் பாஸ்' படத்தைப் பற்றி, மும்பையின் சயான் கோலிவாடாவில் வசிக்கும் கல்லூரி மாணவர் ஒருவர் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். சொற்பப் பணத்தில் எடுக்கப்பட்ட அந்தப் படத்திலிருந்து நாயகனை நீக்கிவிட்டால் மிச்சம் எதுவுமில்லை என்று பலர் சொல்வது உண்மைதானா என்பது முதல் கேள்வி. உண்மையென்றால், தாராவியில் பயிற்சி பெற்ற ஒரு கராத்தே வீரரை நாயகனாக வைத்து அவரும் நண்பர்களும் எடுக்கத் திட்டமிட்டிருக்கும் சிறிய படத்துக்கும் அந்த வீரரின் திறமை ஒன்றே போதுமா என்பது இரண்டாவது கேள்வி. மும்பையில் படத்தொகுப்புத் தொழிலில் இருப்பவன் நான். இவ்வகைப் படங்களை வீடியோ கேசட் காலத்திலிருந்து விடாமல் பார்த்துவருபவனும்கூட. ஆகவே சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன். முதல் கேள்விக்கு என் பதில், பெரும்பாலும் உண்மை என்பது. இரண்டாவது கேள்விக்கு, போதாது என்பது. இந்த இரண்டு பதில்களும் ஒன்றுக்கொன்று முரணானவையல்ல என்பதை விளக்குவதற்குத்தான் இவ்வளவு நீளம் தேவைப்படுகிறது.

முதலில் அந்தப் படம் உருவான சூழலைப் பார்க்க வேண்டும். ஹாங்காங்கில் அன்று கோலோச்சிய ஷா பிரதர்ஸ் நிறுவனத்திலிருந்து வெளியேறிய ரேமண்ட் சௌ 1970இல் கோல்டன் ஹார்வெஸ்ட் என்ற புதிய நிறுவனத்தைத் தொடங்கினார். பழைய நிறுவனத்திடம் இருந்ததுபோன்ற பெரிய அரங்குகளோ சம்பளப் பட்டியலில் வரிசையாக நிற்கும் நடிகர்களோ அவரிடம் இல்லை. புரூஸ் லீயோ அமெரிக்காவில் 'தி கிரீன் ஹார்னெட்' தொலைக்காட்சித் தொடரில் நாயகனின் ஓட்டுநராகவும் உதவியாளாகவும் நடித்துப் பெயர் பெற்ற பிறகும், நாயக வேடம் கிடைக்காமல் காத்திருந்தவர். இரண்டு படங்களுக்குச் சேர்த்து 15,000 அமெரிக்க டாலர் என்று ஒப்பந்தமாயிற்று. முழுப் படத்தின் செலவே ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர்தான் என்று சொல்லப்படுகிறது. படப்பிடிப்பு தாய்லாந்தின் பாக் சோங் என்ற சிற்றூரில் நடந்தது. தொடங்கிய சில நாட்களிலேயே இயக்குநர் மாற்றப்பட்டு லோ வெய் பொறுப்பேற்றார். முதன்மை நாயகனாக முதலில் எண்ணப்பட்டவர் ஜேம்ஸ் டியன். முடிந்த படத்தில் அவருடைய பாத்திரம் பாதிக்கு முன்பே கொல்லப்பட்டுவிடுகிறது. படம் அந்த ஆண்டு அக்டோபர் இறுதியில் ஹாங்காங்கில் வெளியாகி, 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' அங்கு வைத்திருந்த வசூல் சாதனையை முறியடித்தது. அப்போது புரூஸ் லீக்கு வயது முப்பது.

குறைகளை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அடிபட்ட ஒருவன் பலகைச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே விழும்போது, சுவரில் அவன் உருவ வடிவிலேயே ஓட்டை விழுகிறது. உயரத் தாவும் காட்சிகளில் டிராம்போலின் என்ற துள்ளு விரிப்பு பயன்பட்டிருப்பது பயிலாத கண்ணுக்கும் தெரியும். அன்றைய ஹாங்காங் வழக்கப்படி ஒலிப்பதிவு இல்லாமல் படமாக்கிப் பிறகு டப்பிங் செய்ததால், நாயகனின் குரல்கூட அவருடையதல்ல. வெவ்வேறு நாட்டு வெளியீடுகளுக்கு வெவ்வேறு பின்னணி இசை சேர்க்கப்பட்டிருக்கிறது. எதுவும் படத்தோடு பிறந்ததாகத் தோன்றவில்லை. தொழிற்சாலையில் இருவர் காணாமற்போனால், அவர்களைத் தேடிப் போகிறவர்களும் காணாமற்போகிறார்கள் என்ற ஒரே நிகழ்ச்சி திரும்பத் திரும்ப வருகிறது. இத்தனைக்கும் பிறகு, படம் பார்த்து முடித்தவருக்கு நினைவில் நிற்பது ஒரு முகம்தான். அதனால்தான் முதல் கேள்விக்குப் பெரும்பாலும் உண்மை என்றேன்.

ஆனால் அந்த முகம் எந்தக் காட்சிகளில் நம்மைப் பிடிக்கிறது என்று பாருங்கள். ஏறக்குறைய நூறு நிமிடப் படத்தில் முதல் முக்கால் மணி நேரம் நாயகன் எந்தச் சண்டையிலும் முழுமையாக இறங்குவதில்லை. இனிமேல் சண்டைக்குப் போகமாட்டேன் என்று தாய்க்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தவன் அவன். அதற்கு அடையாளமாகக் கழுத்தில் ஒரு பச்சைக்கல் பதக்கம் தொங்குகிறது. ஊருக்குள் நுழைந்ததுமே ரவுடிகள் எளியவர்களிடம் வம்பு செய்கிறார்கள். அவன் முன்னே ஓரடி வைக்கிறான். உடன்வந்த பெரியவரின் பார்வை அவனைத் தடுக்கிறது. கை தானாகப் பதக்கத்தைத் தொடுகிறது. சண்டையை ஜேம்ஸ் டியன் போடுகிறார், திறமையாகவே போடுகிறார். ஆனால் நம் கண் சண்டை போடுகிறவரை விட்டு ஓரமாக நிற்பவர் மீதே போகிறது. நட்சத்திரம் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. அந்த முக்கால் மணி நேரத்தில் புரூஸ் லீயிடம் நடப்பது முழுக்க எதிர்வினைதான்: தோள் இறுகுவது, மூச்சு மாறுவது, பார்வை ஓரிடத்தில் குத்தி நிற்பது, பிறகு எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு அசடுபோல ஒரு சிரிப்பு.

இந்த உத்தி தமிழ் ரசிகருக்குப் புதிதல்ல. 1995இல் வந்த 'பாட்ஷா'வில் தந்தைக்குக் கொடுத்த வாக்குக்காக மாணிக்கம் அடியை வாங்கிக்கொண்டு நிற்பதும், தங்கைக்குக் கேடு நேரும்போது அந்த வாக்கு உடைவதும் நம் ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். அந்த மாணிக்கத்தின் மறைக்கப்பட்ட பழைய வாழ்க்கை நடந்தது நம் பம்பாயில்தான் என்பதால் இங்குள்ளவர்களுக்கு அதில் தனி உரிமையே உண்டு. ரஜினிகாந்த் அப்போது தமிழ் நாடறிந்த நட்சத்திரம். அவர் அடி வாங்குகிறார் என்றால், திருப்பி அடிப்பார் என்பது அரங்கில் இருந்த குழந்தைக்கும் தெரியும். 1971இன் புரூஸ் லீக்கு அந்த வசதி இல்லை. சிறுவனாக நடித்த படங்களையும் அமெரிக்கத் தொடரையும் தவிர ஹாங்காங் ரசிகர்கள் அவரை நாயகனாகப் பார்த்ததேயில்லை. அவருக்குள் ஏதோ அடக்கிவைக்கப்பட்டிருக்கிறது என்ற நம்பிக்கையை அவரே, அந்தப் படத்துக்குள்ளேயே, வெறும் உடல்மொழியால் உண்டாக்க வேண்டியிருந்தது. தொழிற்சாலை முற்றத்தில் நடக்கும் கைகலப்பில் பதக்கம் உடைபட்டதும் அவர் இறங்குகிறார். அந்தச் சண்டை மிகக் குறுகியது. சில உதைகளில் முடிந்துவிடுகிறது. அரங்கம் அதிர்ந்ததற்குக் காரணம் அந்தச் சில உதைகளுக்கு முன்னால் சேர்த்துவைக்கப்பட்ட முக்கால் மணி நேரம்.

மும்பைத் தமிழர் இந்தப் படத்தைப் பார்ப்பதற்கு இன்னொரு வாசலும் இருக்கிறது. வெளியில் இருந்து எழுதுகிறவர்கள் இதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை என்பதால் இங்கே கொஞ்சம் நின்று சொல்ல விரும்புகிறேன். கதை என்ன? சீனக் கிராமத்து இளைஞனை அவனுடைய பெரியவர் ஒருவர் அழைத்துக்கொண்டு அயல்நாட்டுக்கு வருகிறார். ஏற்கெனவே அங்கே வேலைக்கு வந்து ஒரே வீட்டில் கூட்டமாக வசிக்கும் உறவுக்காரப் பையன்களிடம் அவனை ஒப்படைக்கிறார். அவர்கள் வேலை செய்யும் ஐஸ் தொழிற்சாலையிலேயே அவனுக்கும் வேலை சொல்லிவைக்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்குத் தாராவி வந்து சேர்ந்தவர்களின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் விளக்கத் தேவையானது எதுவுமில்லை. ஊர்க்காரர் ஒருவர் முன்னே வருவார், பின்னால் தம்பி வருவான், அவனுக்குப் பின்னால் மச்சான் வருவான். ஒரு அறையில் எட்டுப் பேர் முறைவைத்துத் தூங்குவார்கள். வந்த இடத்தில் வம்பு வேண்டாம், கையைக் கட்டிக்கொண்டு இரு என்பதே வழியனுப்பும்போது அம்மாக்கள் சொல்லும் முதல் புத்திமதி. அந்தப் பதக்கம் சினிமாக்காரர்கள் கட்டிய பொருளாக இருக்கலாம். அதன் பின்னால் இருக்கும் பயம் உண்மையானது.

உடைந்த ஐஸ் பாளத்துக்குள் போதைப்பொருள் பொட்டலம் இருப்பதைப் பார்த்துவிட்ட இருவர் காணாமற்போனதும், தொழிலாளர்கள் வேலையை நிறுத்துகிறார்கள். நிர்வாகம் செய்யும் தந்திரம், சண்டை தெரிந்தவனை மேஸ்திரியாக்கிவிடுவது. அவனுக்கு விருந்து வைக்கிறார்கள், குடிக்க வைக்கிறார்கள். அவன் கேட்கவந்த கேள்வி அங்கேயே கரைந்துபோகிறது. மறுநாள் வீட்டில் அவனோடு வசிப்பவர்களே அவனை வேறு கண்ணால் பார்க்கிறார்கள். இந்தப் பகுதியைப் படத்தின் தொய்வான பகுதி என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மேஸ்திரி என்ற பட்டம் கிடைத்ததும் அந்த முகத்தில் தெரியும் கள்ளமற்ற பெருமையும், பிறகு தான் விலைபோய்விட்டோம் என்று புரியும்போது தெரியும் கூச்சமும், புரூஸ் லீ பிற்காலத்தில் நடித்த எந்தப் படத்திலும் நான் பார்க்காதவை. கங்காணி, மேஸ்திரி, ஒப்பந்தக்காரர் ஆகியோருக்கு நடுவே வாழ்ந்த எந்தக் குடும்பத்துக்கும் அந்தக் காட்சி சண்டைக் காட்சியைவிடக் கூர்மையாகப் படும்.

குறைந்த செலவு இங்கேதான் படத்துக்கு உதவியாக மாறுகிறது. அரங்கம் போடப் பணமில்லாததால் உண்மையான ஊரும் உண்மையான வெயிலும் வேலைத்தளமும் வந்துவிட்டன. பாளம் பாளமாக இழுத்துச் செல்லப்படும் ஐஸும் ஈரத் தரையும் கொக்கிகளும் கலை இயக்குநர் கற்பனை செய்து கொண்டுவந்தவை என்று தோன்றுவதில்லை. இதே நாயகனை வெல்வெட் திரை தொங்கும் மாளிகை அரங்கில் நிறுத்தியிருந்தால், பெரியவரின் ஒரு பார்வைக்கு அடங்கி நிற்கும் பையன் என்று நாம் நம்பியிருக்கமாட்டோம்.

இனிச் சண்டைகளுக்கு வருகிறேன். படத்தின் சண்டைப் பயிற்சியாளர் ஹான் யிங்-சியே; வில்லனான முதலாளியாக நடித்திருப்பவரும் அவரே. பீக்கிங் இசைநாடகப் பயிற்சியில் வளர்ந்து, இயக்குநர் கிங் ஹூவின் வாள்சண்டைப் படங்களுக்குச் சண்டை அமைத்தவர். அந்த மரபில் சண்டை என்பது தாளக்கட்டு உள்ள நீண்ட உரையாடல். அடி, தடுப்பு, சுழற்சி, மறுபடி அடி என்று இருவரும் சேர்ந்து ஆடும் ஆட்டம் அது. புரூஸ் லீக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு: நீண்ட அசைவின்மை, பிறகு ஒரே வெடிப்பு, மறுபடி அசைவின்மை. முதலாளி வீட்டுப் புல்வெளியில் நடக்கும் இறுதிச் சண்டையில் இந்த இரு பாணிகளும் நேருக்கு நேர் நிற்பதைக் காணலாம். சில இடங்களில் இரண்டும் ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்கின்றன; ஆனாலும் சண்டைப் படங்களின் வரலாற்றில் ஒரு பாணி இன்னொன்றுக்கு இடம்விட்டு விலகுவதைப் படம்பிடித்த ஆவணமாகவே அதை நான் பார்க்கிறேன். அந்தச் சண்டைக்கு நாயகன் வரும்போது பொட்டலத்திலிருந்து நொறுக்குத்தீனியை எடுத்துத் தின்றுகொண்டே வருவதைக் கவனியுங்கள். உடன் வசித்த உறவுக்காரப் பையன்களை இழந்தவன் அப்படி வருவது, பக்கம் பக்கமாக எழுதிய வசனத்தைவிட அதிகம் அச்சுறுத்துகிறது.

தொகுப்பு மேசையில் உட்கார்ந்து இந்தச் சண்டைகளைப் பிரித்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். புரூஸ் லீ உதைக்கும் பெரும்பாலான ஷாட்களில் தலை முதல் கால்வரை தெரிகிறது. உதை தொடங்கும் இடமும் முடியும் இடமும் ஒரே ஷாட்டுக்குள் இருக்கின்றன. உதை கிளம்பும்போது ஒரு கட், படும்போது ஒரு கட் என்று வெட்டினால் யாரையும் வீரராகக் காட்டிவிடலாம். அதனாலேயே அப்படிக் காட்டுவதில் யாருக்கும் தனிச் சிறப்பு கிடைப்பதில்லை. வெட்டாமல் விடுவதற்கு நாயகனின் வேகம் மட்டும் போதாது. எதிரே நிற்பவர் சரியான நொடியில், சரியான திசையில், வலியை நம்பும்படி விழ வேண்டும். நம் சினிமாவில் ஃபைட்டர்கள் என்று ஒற்றைச் சொல்லில் அழைக்கப்படும் அந்த மனிதர்களின் உழைப்பு இல்லையென்றால் புரூஸ் லீயின் உதையும் காற்றில் ஆடிய காலாகத்தான் தெரியும். இந்தப் படத்தில் அப்படி விழுந்தவர்களில் லாம் சிங்-யிங் என்ற இளைஞரும் ஒருவர்; பின்னாளில் 'மிஸ்டர் வாம்பயர்' படத்தின் நாயகனாகப் புகழ்பெற்றவர் அவர்தான். புரூஸ் லீ நடித்து அடுத்த ஆண்டு வந்த 'ஃபிஸ்ட் ஆஃப் ஃபியூரி'யில் வில்லனுக்கு டூப் போட்டுக் கதவோடு பறந்து விழுந்தவர் ஜாக்கி சான். புரூஸ் லீயின் அந்தரக் குட்டிக்கரணங்களுக்கே பிற்காலத்தில் யுவன் வா டூப் போட்டிருக்கிறார். ஒருவர் தாங்கும் படம் என்று நாம் சொல்வதன் அடியில் இவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். முதல் பதிலில் பெரும்பாலும் என்ற சொல்லை இவர்களுக்காகத்தான் சேர்த்தேன்.

பிற்காலப் படங்களிலும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். 2003இல் டோனி ஜா நடித்த தாய்லாந்துப் படமான 'ஓங் பாக்' கதையளவில் இதன் தம்பி என்றே சொல்லலாம்: ஊர்ப் புத்தர் சிலையின் தலை திருடுபோக, அதை மீட்கப் பாங்காக் செல்லும் கிராமத்து இளைஞன், கற்ற கலையைப் பயன்படுத்தாதே என்று அவனுக்கும் ஒரு பெரியவர் சொல்லியனுப்புகிறார். அவன் முதன்முதலாகச் சட்டவிரோதச் சண்டைக் களத்தில் இறங்கும்போது ஒரே அடியில் எல்லாம் முடிகிறது. ரோப் இல்லாமல், கணினி வரைகலை இல்லாமல், டூப் இல்லாமல் எடுத்தோம் என்பதே அந்தப் படத்தின் விளம்பரம். அதன் பின்னால் பன்னா ரிட்டிக்ராய் என்ற ஆசிரியர் தம் குழுவோடு பல ஆண்டுகள் செய்த பயிற்சி இருந்தது. 2011இல் வந்த இந்தோனேசியப் படமான 'தி ரெய்டு' சுமார் 11 லட்சம் டாலரில், கதை முழுவதையும் ஒரே அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் அடைத்துக்கொண்டது. அதன் நாயகன் இகோ உவைஸ் நடிக்க வருமுன் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தில் ஓட்டுநராக இருந்தவர். பிறகு என்ன நடந்தது என்பதும் முக்கியம். அவரும் அவருடைய தோழர்கள் இருவரும் 2015இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் தோன்றினார்கள். உலகின் மிகப் பெரிய செலவுப் படங்களில் ஒன்றான அதில் அவர்களுக்கு ஒரு சண்டைகூட இல்லை. பணம் குறைந்த படத்தில் காமிராவுக்குப் பார்ப்பதற்கு அந்த உடலைத் தவிர வேறொன்றும் இல்லை. பணம் மிகுந்த படத்தில் பார்ப்பதற்கு ஆயிரம் பொருள்கள் இருக்கின்றன.

நம் பக்கத்தில் வித்யுத் ஜம்வாலைச் சொல்ல வேண்டும். 'துப்பாக்கி'யின் வில்லனாகத் தமிழர்கள் அறிந்த அவர் பாலக்காட்டில் சிறு வயது முதல் களரி கற்றவர். 2013இல் வந்த 'கமாண்டோ'வில் அவருடைய உடல் செய்வதெல்லாம் உண்மை. ஆனால் அந்தப் படம் அவரைத் தொடக்கத்திலேயே வெல்ல முடியாதவராகக் காட்டிவிடுவதால், சண்டைக்கு நடுவே அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் காரணம் கிடைப்பதில்லை. அவரிடம் குறை ஒன்றுமில்லை. அவருக்கு எழுதப்பட்ட கதையில்தான் அடக்கிவைப்பதற்கு எதுவும் இல்லை.

ஆகவே உங்கள் படத்துக்கு வருகிறேன், தம்பி. உங்கள் வீரர் கறுப்புப் பட்டை வாங்கியவர் என்கிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் போட்டிக் களத்தில் அவர் கற்றது எதிராளிக்குத் தன் எண்ணம் தெரியாமல் மறைப்பது. திரையில் அவர் செய்ய வேண்டியது, அடுத்து என்ன செய்யப்போகிறார் என்பதை ரசிகருக்கு ஒரு கணம் முன்னால் உணர்த்துவது. இரண்டும் வேறு வேறு கலைகள். முதலாவதில் தேர்ந்தவருக்கு இரண்டாவது கடினமாகவே இருக்கும். அவரைச் சோதிக்க வேண்டுமானால் உதைக்கச் சொல்லாதீர்கள். 90 அடி சாலையில் ஏதாவது டீக்கடை வாசலில் உட்கார வையுங்கள். அவர் எதிரே இன்னொரு நண்பர் ஒரு சிறுவனை மிரட்டுவதுபோல நடிக்கட்டும். இவர் எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, வெட்டாமல் மூன்று நிமிடம் படமெடுங்கள். அந்த மூன்று நிமிடத்தையும் நீங்கள் அலுப்பில்லாமல் பார்க்க முடிந்தால் உங்களுக்கு நாயகன் கிடைத்துவிட்டார். முடியாவிட்டால், பயிற்சி கொடுங்கள், அல்லது அவருக்கு வில்லன் வேடம் கொடுங்கள். ஹான் யிங்-சியே போல அந்த இடத்தில் அவர் மிகவும் பயன்படக்கூடும்.

பணம் குறைவாக இருக்கும்போது வாடகைக் காமிராவிலும் டிரோனிலும் அதைக் கரைக்காமல் ஒத்திகை நாட்களுக்கு ஒதுக்குங்கள். விழப்போகிறவர்களை நாயகனோடு சேர்த்தே முதல் நாளிலிருந்து பயிற்சிக்கு அழையுங்கள். அவர்களுக்குத் தினப்படி கொடுங்கள், தரைக்கு மெத்தை வாங்குங்கள், முதலுதவி தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் நாயகன் கையை ஓங்காமல் இருப்பதற்கு அவனுடைய ஊர், வீடு, வேலை ஆகியவற்றிலிருந்தே ஒரு காரணம் கண்டுபிடியுங்கள். பதக்கமும் சத்தியமும் ஏற்கெனவே பலமுறை வந்துவிட்டன. அறை வாடகை முன்பணம், மேஸ்திரியிடம் வாங்கிய கடன், ஊரில் நிச்சயமாகியிருக்கும் தங்கை கல்யாணம் என்று தாராவியில் அதற்குப் பஞ்சமே கிடையாது. எழுதி முடித்ததும் அனுப்புங்கள். ஒத்திகையைக் கைப்பேசியில் எடுத்து அனுப்பினாலும், எங்கே வெட்டலாம், எங்கே வெட்டக் கூடாது என்று குறித்துத் தருகிறேன்.